பிரிட்டனில் முதல் குளிர்காலமா? ஹீட்டர் பில்லைக் குறைப்பது எப்படி?

அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு. பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். மறுநாள் வகுப்பு முடிந்து வெளியே வந்தால் மாலை 5 மணிக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. வாடகை வீட்டுக்குள் நுழைந்தால், வெளியைவிட உள்ளேதான் குளிர் அதிகமோ என்று தோன்றுகிறது.

நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும் வீடு. ஒருவர் ஹீட்டரைப் போடுகிறார். இன்னொருவர் அணைக்கிறார். மூன்றாமவர் யாரிடமும் சொல்லாமல் தம் அறைக்கு ஒரு குட்டி மின்சார ஹீட்டர் வாங்கி வந்துவிட்டார். ஜனவரியில் பில் வந்ததும் வாட்ஸ்ஆப் குழுவில் சண்டை!

சிங்கப்பூரிலிருந்து படிக்கவோ வேலை பார்க்கவோ பிரிட்டன் செல்லும் இளையர் பலருக்கு இது தெரிந்த கதைதான். ஏர்கோன் பில்லைக் குறைக்க நமக்கு வீட்டிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். 25 டிகிரியில் வை, கதவை மூடு, ஃபேன் போடு. ஆனால் ஹீட்டரைப் பற்றி யாரும் சொல்லித் தரவில்லை.

இந்தக் குளிர்காலத்துக்கு முன்பு நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ...

பில்லில் என்ன இருக்கிறது?

பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டு வகை எரிசக்தி வருகிறது. ஒன்று மின்சாரம். மற்றொன்று எரிவாயு. சிங்கப்பூரில் எரிவாயு என்றால் பெரும்பாலும் சமையல்தான் நினைவுக்கு வரும். அங்கு வீட்டைச் சூடாக்குவதும் குழாயில் வெந்நீர் வருவதும் பெரும்பாலும் எரிவாயுவில்தான்.

இரண்டுக்குமே 'யூனிட்' கணக்குதான். 1 யூனிட் என்பது 1 கிலோவாட்-மணி. 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட் செலவாகும்.

பில்லில் இரண்டு பகுதிகள் உண்டு:

- நீங்கள் பயன்படுத்திய யூனிட்டுகளுக்கான கட்டணம்
- ஸ்டாண்டிங் சார்ஜ் எனப்படும் அன்றாட நிலைக்கட்டணம். ஒரு யூனிட்கூடப் பயன்படுத்தாவிட்டாலும் இதைக் கட்டியாக வேண்டும்.

ஆஃப்ஜெம் என்ற எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பு 3 மாதத்துக்கு ஒருமுறை கட்டண உச்சவரம்பை அறிவிக்கிறது. இங்கிலாந்து, ஸ்காட்லந்து, வேல்ஸ் ஆகிய மூன்றுக்கும் அது பொருந்தும். வட அயர்லந்தில் ஏற்பாடு வேறு.

2025 ஜனவரி முதல் மார்ச் வரை சராசரி உச்சவரம்பு இப்படி இருந்தது:

- மின்சாரம்: யூனிட்டுக்கு 24.86 பென்ஸ்
- எரிவாயு: யூனிட்டுக்கு 6.34 பென்ஸ்
- அன்றாட நிலைக்கட்டணம்: மின்சாரத்துக்கு 60.97 பென்ஸ், எரிவாயுவுக்கு 31.65 பென்ஸ்

நிலைக்கட்டணம் மட்டுமே மாதத்துக்கு ஏறக்குறைய 28 பவுண்டு வந்துவிடும்.

இங்கே பலர் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்தக் காலாண்டில் உச்சவரம்பு 'ஆண்டுக்கு 1,738 பவுண்டு' என்று செய்திகளில் வந்தது. உங்கள் பில் அதற்குமேல் போகாது என்று அர்த்தமில்லை. சராசரியாகப் பயன்படுத்தும் ஒரு வீட்டுக்கு அவ்வளவு ஆகும் என்பதே அதன் பொருள். உச்சவரம்பு ஒரு யூனிட்டின் விலைக்கும் நிலைக்கட்டணத்துக்கும்தான். அதிகம் பயன்படுத்தினால் அதிகம் கட்ட வேண்டும்.

குட்டி ஹீட்டர், பெரிய செலவு

மேலே உள்ள இரண்டு எண்களை மறுபடி பாருங்கள். மின்சாரத்தின் யூனிட் விலை எரிவாயுவைப்போல் ஏறக்குறைய 4 மடங்கு. ஹீட்டர் பில்லின் ரகசியம் பாதி இதிலேயே இருக்கிறது.

கடையில் 20, 30 பவுண்டுக்குக் கிடைக்கும் சிறிய மின்சார ஹீட்டர் பெரும்பாலும் 2,000 வாட். ஒரு மணி நேரத்துக்கு 2 யூனிட். அதாவது ஏறக்குறைய 50 பென்ஸ்.

நாளுக்கு 5 மணி நேரம், 30 நாள் போட்டால்? 300 யூனிட். கிட்டத்தட்ட 75 பவுண்டு. ஒரு பவுண்டுக்கு 1.70 வெள்ளி என்று வைத்தால் 127 வெள்ளி. அதுவும் ஓர் அறைக்கு மட்டும்!

அதே அளவு வெப்பத்தை எரிவாயு பாய்லர் கொடுத்தால் செலவு 21 பவுண்டுக்குப் பக்கத்தில்தான் வரும். பாய்லரில் 10 விழுக்காடு வீணாகும் என்று சேர்த்தே சொல்கிறோம்.

"இது எனர்ஜி சேவிங் ஹீட்டர்" என்று பெட்டியில் போட்டிருந்தால்? சாதாரண மின்சார ஹீட்டர் எதுவாக இருந்தாலும் 1 யூனிட் மின்சாரத்திலிருந்து 1 யூனிட் வெப்பம்தான் தரும். எண்ணெய் நிரப்பியதோ விசிறி வைத்ததோ, கணக்கு ஒன்றுதான். வெப்பத்தை எவ்வளவு வேகமாகத் தருகிறது, எவ்வளவு நேரம் வைத்திருக்கிறது என்பதில் மட்டுமே வித்தியாசம்.

அப்படியானால் குட்டி ஹீட்டரே வேண்டாமா? நான்கு அறை வீட்டில் நீங்கள் ஒருவர் மட்டும் இருக்கும் பகல் பொழுதில், ஓர் அறையை ஒரு மணி நேரம் சூடாக்க அது போதும். நால்வரும் வீட்டில் இருக்கும்போது நான்கு அறையிலும் நான்கு ஹீட்டர் ஓடினால் பில் எகிறிவிடும்.

உங்கள் வீடு எந்த வகை?

வீட்டுக்கு வீடு உத்தி மாறும். முதலில் உங்களுடையது எது என்று பாருங்கள்.

எரிவாயு பாய்லர், ரேடியேட்டர்: சமையலறை அலமாரியில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கும். அதிலிருந்து வெந்நீர் ஒவ்வோர் அறையின் ரேடியேட்டருக்கும் போகும். பகிர்ந்து வாழும் பழைய வீடுகளில் இதுதான் அதிகம்.

இரவு மின்சார ஹீட்டர்: அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் எரிவாயு இணைப்பே இருக்காது. அங்கே கனமான ஸ்டோரேஜ் ஹீட்டர்கள் இருக்கும். 'எகானமி 7' போன்ற திட்டங்களில் இரவில் 7 மணி நேரம் மின்சாரம் மலிவு. அந்நேரத்தில் ஹீட்டர் உள்ளிருக்கும் செங்கல் சூடாகி, பகலில் வெப்பத்தை விடும். ஆனால் பகல் மின்சாரம் வழக்கத்தைவிட விலை கூடுதல். பகலில் 'பூஸ்ட்' பொத்தானை அழுத்தினால் சேமித்த காசெல்லாம் போய்விடும்.

வாடகையோடு பில்லும் சேர்ந்தது: மாணவர் விடுதிகளில் இப்படித்தான். தனியார் வீடுகளிலும் உண்டு. ஒப்பந்தத்தில் 'நியாயப் பயன்பாட்டு வரம்பு' என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். வரம்பைத் தாண்டினால் மிச்சத்தை உங்களிடம் வசூலிப்பார்கள். "பில் இன்க்ளூடட்தானே" என்று ஜன்னலைத் திறந்துவைத்து ஹீட்டர் போட்டவர்களுக்கு ஆண்டு முடிவில் அதிர்ச்சி காத்திருக்கும்.

தெர்மோஸ்டாட்டை 30இல் வைத்தால் சீக்கிரம் சூடாகுமா?

ஆகாது. ஏர்கோனை 16 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நினைப்பதைப் போன்றதுதான் இதுவும். தெர்மோஸ்டாட் வேகத்தைக் கூட்டும் கருவி அல்ல. எந்த வெப்பநிலை வந்ததும் நிறுத்த வேண்டும் என்று மட்டுமே அது பாய்லருக்குச் சொல்லும். 30இல் வைத்துவிட்டு மறந்துவிட்டால் வீடு அடுப்பாகும். பில்லும்தான்.

ஒரு டிகிரி குறைத்தால் எவ்வளவு மிச்சம்? வெளியே 7 டிகிரி, உள்ளே 21 டிகிரி என்றால் வித்தியாசம் 14. வீட்டிலிருந்து வெப்பம் வெளியேறும் அளவு ஏறக்குறைய அந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. உள்ளே 20 ஆக்கினால் வித்தியாசம் 13. பதினான்கில் ஒரு பங்கு, அதாவது சுமார் 7 விழுக்காடு மிச்சம். ஒரு டிகிரி குறைந்ததை உடம்பு கவனிக்காமல்கூடப் போகலாம்.

அடுத்தது, ரேடியேட்டரின் ஓரத்தில் 1 முதல் 5 வரை எண் போட்ட திருகு. அதுவும் அந்த அறைக்கான தெர்மோஸ்டாட்தான். நீங்கள் இருக்கும் அறையில் 3 போதும். யாரும் இல்லாத அறையில் 1 அல்லது அதற்கும் கீழே வைக்கலாம். கதவை மூட மறக்காதீர்கள்.

நாள் முழுக்கக் குறைந்த சூட்டில் போட்டுவைப்பது மலிவா? எரிவாயு பாய்லர் உள்ள சாதாரண வீட்டில் இல்லை. தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் டைமர் வைப்பதே நல்லது. எழுவதற்கு அரை மணி நேரம் முன்பு தொடங்கட்டும். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே அணையட்டும். ஹீட் பம்ப் உள்ள வீட்டில் மட்டும் கணக்கு வேறு. அதைச் சீராக ஓடவிடுவது நல்லது.

பாய்லரில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ரேடியேட்டருக்குப் போகும் நீரின் சூட்டை 70, 80 டிகிரியில் வைத்திருப்பார்கள். தண்ணீர்த் தொட்டி இல்லாத 'காம்பி' பாய்லர் என்றால் அதை 60க்குக் குறைக்கலாம். நீர் கொஞ்சம் ஆறித் திரும்பி வந்தால்தான், புகைக்குழாய் வழியே வீணாகும் நீராவியின் வெப்பத்தையும் பாய்லர் மீட்டுக்கொள்ளும். வீடு சூடாகச் சற்று நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். வெந்நீர்த் தொட்டி இருக்கும் வீடு என்றால் இதைத் தொடாதீர்கள். தொட்டி நீர் போதிய சூட்டில் இல்லாவிட்டால் கிருமிகள் வளரலாம். எதுவானாலும் வீட்டு உரிமையாளரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

காசு செலவில்லாமல் என்ன செய்யலாம்?

- திரைச்சீலை: டிசம்பர் லண்டனில் பகல் 8 மணி நேரம்கூட இல்லை. வெயில் வரும் நேரத்தில் திறந்துவையுங்கள். மாலை 4 மணிக்கு இழுத்து மூடுங்கள். திரை ரேடியேட்டர்மீது தொங்கக் கூடாது. தொங்கினால் வெப்பம் நேராக ஜன்னலுக்குத்தான் போகும்.
- சோபா: ரேடியேட்டரை மறைத்து நிற்கிறதா? ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.
- கதவு இடுக்கு: பழைய துண்டைச் சுருட்டிக் கதவின் கீழே வைத்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் சுவரிலோ ஜன்னலிலோ இருக்கும் காற்றுத் துவாரங்களை அடைக்காதீர்கள்.
- ரேடியேட்டர் கீழே சூடாகவும் மேலே குளிராகவும் இருக்கிறதா? உள்ளே காற்று அடைத்திருக்கலாம். உரிமையாளரிடம் சொன்னால் ஒரு சிறு சாவியால் காற்றை வெளியேற்றிவிடுவார்.
- ஷவர்: மின்சார ஷவர் 9,000 வாட்கூட இழுக்கும். நால்வரும் தினமும் 10 நிமிடம் குளித்தால் மாதத்துக்கு 180 யூனிட். ஏறக்குறைய 45 பவுண்டு. 5 நிமிடமாகக் குறைத்தால் பாதி மிச்சம்.

வீட்டைவிட ஆளைச் சூடாக்குவது மலிவு

மின்சாரப் போர்வை 100 வாட்தான். 8 மணி நேரம் போட்டாலும் 20 பென்ஸ். அதே 20 பென்ஸுக்குக் குட்டி ஹீட்டர் அரை மணி நேரம்கூட ஓடாது. இரவெல்லாம் படிப்பவர்கள் மடியில் போர்வையும் காலில் கம்பளிக் காலுறையும் போட்டுக்கொண்டாலே பாதிக் குளிர் போய்விடும். வெந்நீர்ப் பை இன்னும் மலிவு.

ஆடையிலும் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். சிங்கப்பூரில் வீட்டுக்குள் டீ-சட்டையோடு இருந்து பழகிவிட்டோம். அங்கே வீட்டுக்குள்ளும் கம்பளிச் சட்டை போட்டுக்கொள்வது சாதாரணம். ஒரே தடித்த சட்டையைவிட இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் கதகதப்பைத் தக்கவைக்கும்.

எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது?

இதைக் கவனமாகப் படியுங்கள். சிக்கனம் என்று நினைத்து ஹீட்டரையே போடாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அது ஆபத்து.

குளிர்நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டியில் பரிந்துரைத்தது. குழந்தைகளுக்கும் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அதைவிடக் கூடுதல் சூடு தேவைப்படலாம். ஆஸ்துமா இருந்தால் குளிர்ந்த வீடு நிலைமையை மோசமாக்கும்.

இன்னொரு பிரச்சினை பூஞ்சை. வீவக வீட்டில் துணியை வெளியே காயப்போட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கே குளிர்காலத்தில் வெளியே காயாது. உள்ளே காயப்போட்டால், ஒரு தடவை துவைத்த துணியிலிருந்து 2 லிட்டர்வரை தண்ணீர் காற்றில் கலக்கும். சோறு வடிக்கும் ஆவி, குளிக்கும் ஆவி, நம் மூச்சு எல்லாம் அதோடு சேரும். குளிர்ந்த சுவரில் பட்டு அது நீராகும். சில வாரங்களில் மூலையில் கறுப்புப் புள்ளிகள்.

2020 டிசம்பரில் வட இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற 2 வயதுக் குழந்தை உயிரிழந்தது. வீட்டில் நெடுநாள் இருந்த பூஞ்சையால் ஏற்பட்ட சுவாசப் பாதிப்பே காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி முடிவுசெய்தார். அதன் பிறகு வந்ததுதான் 'அவாப் சட்டம்'. இங்கிலாந்தில் சமூக வீடுகளின் உரிமையாளர்கள் ஈரத்தையும் பூஞ்சையையும் குறிப்பிட்ட காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற விதி 2025 அக்டோபரில் நடப்புக்கு வந்தது.

உங்கள் வீட்டில் என்ன செய்யலாம்?

- துணியை ஒரே அறையில் காயப்போட்டுக் கதவை மூடுங்கள். ஜன்னலைச் சற்றே திறந்துவையுங்கள்.
- ஈரப்பதம் உறிஞ்சும் கருவி 200 வாட் என்றால், 5 மணி நேரத்துக்கு 25 பென்ஸ். துணி உலர்த்தும் இயந்திரம் பல வேளைகளில் ஒரு தடவைக்கே 1 பவுண்டைத் தொட்டுவிடும்.
- சமைக்கும்போது பாத்திரத்தை மூடுங்கள். புகைபோக்கி விசிறியைப் போடுங்கள்.
- தினமும் காலையில் 10 நிமிடம் ஜன்னலைத் திறந்து காற்றை மாற்றுங்கள்.

பூஞ்சை பரவிவிட்டால் படம் எடுத்து, வீட்டு உரிமையாளருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் ஆதாரம் இருக்காது. அவர் கண்டுகொள்ளாவிட்டால் உள்ளூர் மன்றத்தின் சுற்றுப்புறச் சுகாதாரப் பிரிவிடம் புகார் செய்யலாம்.

எரிவாயு உள்ள வீட்டில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். இங்கிலாந்தில் பாய்லர் உள்ள அறையில் அதைப் பொருத்துவது 2022 அக்டோபர் முதல் உரிமையாளரின் கடமை. அந்த வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. கரி அடுப்பை ஒருபோதும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய உரிமைகள்

பில் உங்கள் பெயரில் வந்தால், எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்பதை நீங்களே முடிவுசெய்யலாம். நிறுவனத்தை மாற்றலாம். உரிமையாளரிடம் தகவல் சொல்லிவிடுவது நல்லது.

உரிமையாளர் பில்லைக் கட்டிவிட்டு உங்களிடம் யூனிட் கணக்கில் வசூலிக்கிறாரா? தாம் வாங்கிய விலைக்குமேல் விற்க அவருக்கு அனுமதியில்லை.

வீட்டைப் பார்க்கும்போதே எரிசக்திச் சான்றிதழைக் கேளுங்கள். ஏ முதல் ஜி வரை தரம் இருக்கும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வாடகைக்கு விடும் வீடு, விலக்குப் பெற்றிருந்தால் தவிர, 'ஈ' தரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது. வாடகை 20 பவுண்டு குறைவு என்று தரம் குறைந்த வீட்டை எடுத்தால் குளிர்காலத்தில் அதற்குமேல் பில்லில் போய்விடலாம்.

மாதாமாதம் வங்கியிலிருந்து ஒரே தொகை பிடிக்கும் முறையில், ஓராண்டுச் செலவை மதிப்பிட்டு 12ஆகப் பிரிப்பார்கள். கோடையில் கட்டியது குளிர்காலத்துக்கு உதவும். ஆனால் செப்டம்பரில் குடிபுகும் மாணவருக்குக் கோடைச் சேமிப்பே இருக்காது. மார்ச்சில் கணக்குக் கடனில் இருந்தால் பதற்றப்பட வேண்டாம். ஜூனில் கிளம்பும்போது மீட்டர் எண்ணை அனுப்பி, கணக்கில் மீதம் இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

பில் கட்ட முடியாத நிலையா? ஒளிந்துகொள்ள வேண்டாம். நிறுவனத்தை அழையுங்கள். உங்களால் கட்டக்கூடிய தவணைக்கு உடன்பட அவர்கள் உங்களோடு பேசியாக வேண்டும் என்பது ஆஃப்ஜெம் விதி. புகார் கொடுத்து 8 வாரத்துக்குள் தீராவிட்டால் எரிசக்திக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 'சிட்டிசன்ஸ் அட்வைஸ்' அமைப்பு இலவசமாக ஆலோசனை தரும். அரசாங்க நலத்தொகைகளை மாணவர் விசாவில் இருப்பவர்கள் பெற முடியாது. பல்கலைக்கழகத்தின் நெருக்கடி நிதியில் வெளிநாட்டு மாணவருக்கும் இடம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடிய 5

1. மீட்டர் எண்ணைப் படம் எடுத்து, நிறுவனத்துக்கு அனுப்புங்கள். குடிபுகும் நாளிலேயே செய்தால், முன்பு இருந்தவரின் பில் உங்கள் தலையில் விழாது.
2. உங்கள் யூனிட் விலை என்ன என்று பில்லில் பாருங்கள். மேலே சொன்ன எண்களுக்குப் பதில் அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்.
3. வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஹீட்டர் நேரத்தையும் டிகிரியையும் முடிவுசெய்யுங்கள். பில்லில் எல்லார் பெயரும் இருக்கட்டும்.
4. டைமர் வையுங்கள்.
5. 5 பவுண்டு கொடுத்து ஓர் அறை வெப்பமானி வாங்குங்கள். "ரொம்பக் குளிருது", "அதெல்லாம் இல்ல" என்ற சண்டை அதோடு முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா காணொளியில் அழைத்து "ஹீட்டர் போட்டியாம்மா? காசைப் பார்க்காத" என்பார். இனி நீங்கள் தயக்கமில்லாமல் சொல்லலாம்: "போட்டிருக்கேன்மா. பத்தொன்பது டிகிரி. எவ்வளவு ஆகும்னு தெரியும்."